மார்க்கண்டர் கூவாத ஒழுங்கை

மார்க்கண்டரின் குரல் ஊரில் எல்லாருக்கும் தெரியும். படம், திருவிழா, மரண அறிவித்தல் எல்லாம் இருபது வருடமாக அவர் வாயால்தான் ஊருக்குப் போயின. தொண்ணூற்றொன்றில், யுத்தகாலத் தடையால் பெற்றோலும் இல்லை, ஒலிபெருக்கிக்குப் பற்றறியும் இல்லை. மனுசன் தகரத்தில் ஒரு குழாய் செய்து, சைக்கிளில் திரிந்து தொண்டை கிழியக் கத்தினார்.

அந்த வருடம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்று இரத்ததான முகாம் நடத்தியவர் சோமசேகரம் மாஸ்டர். மார்க்கண்டர் கூவப் போகவேண்டிய தெருக்களைத் துண்டில் எழுதிக் கொடுத்தார். பனையேறிக் கள் இறக்கும் சீவல் தொழிலாளர் குடியிருந்த ஒழுங்கை மட்டும் அதில் இல்லை.

“அந்தப் பக்கம் போய் மினக்கெடாதை, மார்க்கண்டு. அவை வரமாட்டினம்.”

மார்க்கண்டரே அந்த ஒழுங்கைக்காரர்தான். அவர் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல மாஸ்டருக்குக் கூச்சமில்லை. கேட்டவருக்கும் ரோசம் வரவில்லை, அதுதான் பெரிய வெட்கக்கேடு. மூன்று முகாமுக்கும் ஊரெல்லாம் கூவிவிட்டு, தன் ஒழுங்கை முகப்பில் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த சித்திரையில் அவருடைய தம்பி முத்துக்குமாரு பனையிலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பொருந்துகிற இரத்தம் இல்லை. மார்க்கண்டருடையதும் பொருந்தவில்லை. “ஆக்களைக் கூட்டிக்கொண்டு ஓடி வாங்கோ” என்றார்கள்.

ஒழுங்கையில் இருபது பேர் கூடினார்கள். எல்லாரும் சொந்தக்காரர். இரத்தம் என்றதும் தயங்கி நின்றார்கள்.

“ரத்தம் எடுத்தா கைகால் தளர்ந்திடுமாம் அண்ணை. பிறகு என்னெண்டு மரமேறுறது?” என்றான் ஒருவன்.

“ஒரு நாள் ஏறாமல் இருந்தாக் காணுமடா!”

ஒரு நாள் ஆறியிருந்தால் போதும் என்று மற்றத் தெருக்களில் மூன்று தரம் கத்தியவர், இங்கே அன்றைக்குத்தான் முதல்முதல் சொன்னார். கெஞ்சிக் கூத்தாடி நான்கு பேரைக் கூட்டிப்போனபோது முத்துக்குமாருவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

தம்பியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, மாஸ்டர் அடுத்த முகாமுக்கான துண்டோடு வந்தார். அதே தெருக்கள். மார்க்கண்டர் அதைச் சுக்குநூறாகக் கிழித்து அவர் காலடியில் போட்டார். பிறகு குழாயை எடுத்துக்கொண்டு, தன் ஒழுங்கையில் வீட்டு வாசல்தோறும் படலை படலையாய் நின்று கத்தினார். தம்பி ஏன் செத்தான் என்பதையும் சொன்னார்.

முகாமன்று பள்ளிக்கூட வாங்குப் பலகைகளில் சீவல் தொழிலாளர் பதினேழு பேர் இருந்தார்கள். மாஸ்டரின் முகம் கறுத்தது.

“உவையளுக்கு ஆர் சொன்னது?”

மார்க்கண்டர் சட்டைக் கையை மடித்தபடி எழும்பினார்.

“நான்தான். மூண்டு தரம் சொல்லாமல் விட்டு, என்ரை தம்பியைச் சாகக் குடுத்ததும் நான்தான். சொல்லாதை எண்டது நீங்கள்.”