ஆளுக்கு ஒரு கொட்டை

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயில் முன்னால் அன்று இருந்தது எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள், பூசாரி, எங்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி, நான். நாட்டில் தோட்டத் தொழிலாளரான எங்கள் ஓட்டுரிமை பறிபோயிருந்த காலம். கோயில் கமிட்டித் தலைவர் எப்போதும் கங்காணிதான். அந்த வருடம் கொழுந்தெடுக்கும் மாரியாயி எதிர்த்து நின்றாள். இருவருக்கும் தனித்தனிக் குடம்; வந்தவர்கள் ஆளுக்கொரு தேயிலைக் கொட்டையைத் தாங்கள் விரும்பும் ஆளின் குடத்தில் போடவேண்டும். கொட்டை கொடுக்கும் வேலை, அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு.

கங்காணி கையை நீட்டினார். "வீட்டுல இருக்க நாலு பேருக்கும் சேத்துக் குடுப்பா."

மறுத்தால் என் தோட்ட வேலை போய்விடும். ஒரே ஒரு கொட்டையை எடுத்து நீட்டினேன். "வந்தவங்களுக்கு மட்டுந்தாங்க. ஆளுக்கு ஒன்னு."

அவருக்கு முன்னால் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்ற, கோயில் வாசல் கூட்டும் பேச்சி, "எனக்கும் ஒன்னுதாங்க குடுத்தான்," என்றாள்.

கங்காணி ஒற்றைக் கொட்டையோடு பேச்சிக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.

மாரியாயி மூன்று கொட்டை கூடுதலாக வாங்கி ஜெயித்தாள். நாட்டில் ஓட்டில்லாத நாங்கள் எங்களுக்கொரு தலைவியைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குக் கொட்டை கொடுத்தது என் கை.