தனுஜாவின் முழங்கை

றொசல்லைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் தனுஜாவும் பிரேமினியும். பள்ளிக்கூடம் முடித்த வருடம், ஹட்டன் மாதா கோயில் மண்டபத்தில் கஸ்பர் மாஸ்டர் நடத்திய கராத்தே வகுப்பில் இருவரும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

பிரேமினிக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். மாஸ்டர் காட்டியதை அப்படியே திருப்பிச் செய்துவிட்டு, அந்த இடத்தில் ஏன் காலைப் பின்னுக்கு வைக்கிறோம் என்று கேள்வியும் கேட்பாள். தனுஜாவுக்கு இடது வலதே குழம்பும். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் வீட்டுக்கு வந்து, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் மாசக்கணக்கில் அந்த ஒரே அசைவைச் செய்துகொண்டிருப்பாள். அட்டை கடித்துக் காலில் இரத்தம் வழிந்தாலும் நிறுத்தமாட்டாள்.

"ஒனக்கு மண்டையில ஏறல தனுஜா. ஒடம்புல ஏத்திக்க" என்றார் மாஸ்டர் ஒருநாள். "யோசிச்சு அடிக்கிறவங்களுக்கு யோசனை வந்து சேர நேரமாகும். பழகின கைக்கு அது வேணாம்."

அந்தச் சொல்லை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஆரம்பத்திலேயே ஒரு குத்தால் தொட்டுப் புள்ளி எடுத்த பிரேமினி, அப்புறம் மணி அடிக்கும்வரை தனுஜாவின் கைக்கு எட்டவேயில்லை. பீலிக்கரையில் பழகிய அத்தனை குத்தும் காற்றில் போயின. பிரேமினிக்குக் கைதட்டு விழுந்தது. அதோடு அவள் கராத்தேயை விட்டாள். படிப்பில் கவனம் வைத்தாள், தோட்டத்து ஆபீசில் கிளார்க் வேலையும் கிடைத்தது.

தனுஜா கினிகத்தேனையில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். கொழுந்து பறித்துவந்த அம்மா ராக்காயிக்கு முழங்கால் போய் மலையேற முடியாமல் ஆனபோது, வீட்டிலிருந்து ஒருவர் தோட்டத்தில் பேர் பதியாவிட்டால் குடியிருக்கும் லயக் காம்பரா கைவிட்டுப் போகும் என்றார்கள். கடையை விட்டுவிட்டு வந்து கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டாள். விடியுமுன் பீலிக்கரைப் பயிற்சியை மட்டும் விடவில்லை.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கண்டாக்கு நிற்பார். வேலையை மேற்பார்க்கிற அந்த மனிதருக்கு ஒரு பழக்கம். கூடையை இறக்கிக் கொடுக்கிற சாக்கில் பெண்களின் இடுப்பில் கை வைப்பார். எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறந்ததில்லை.

ஒரு மழைநாளில் தனுஜா குனிந்து தராசில் கொழுந்தைக் கொட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு கை விழுந்தது. யாரென்று அவள் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே முழங்கை பின்னால் போய்விட்டது. திரும்பியபோது கண்டாக்கு மூக்கைப் பிடித்தபடி கொழுந்துக் குவியலில் கிடந்தார். விரலிடுக்கில் இரத்தம். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் அறையில் விசாரணை. துரைக்குத் தமிழ் வராது. மொழிபெயர்க்க பிரேமினியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"இவ கராத்தே படிச்சவ. வேணும்னேதான் அடிச்சா" என்றார் கண்டாக்கு, மூக்கில் கட்டோடு.

"இடுப்புல கை வச்சாருங்க. நான் நெனச்சு அடிக்கல. கை தானா போயிருச்சு" என்றாள் தனுஜா.

பிரேமினி சிங்களத்தில் நிதானமாகச் சொன்னாள். இவளுக்குக் கால் வழுக்கிவிட்டது, கண்டாக்கு ஐயா பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை, மன்னிப்புக் கேட்கிறாள் என்று. தனுஜாவுக்குப் புரிந்தது. ஆனால் அவளிடம் இருந்தது துணிக்கடைச் சிங்களம். விலையும் அளவும் நிறமும் சொல்ல வரும். தனக்கு நடந்ததைச் சொல்ல அதில் வார்த்தை தேடினாள். அவள் தேடி முடிப்பதற்குள் துரை எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டாள். "ஏன்டி நான் சொன்னதைச் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒன்னைய வேலையை விட்டு நிப்பாட்டியிருப்பாங்க. ஒங்கம்மாவோட எங்க போய் இருப்பே? கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

"ஒன்னைய அந்தாளு தொட்டிருக்காரா?"

பிரேமினி குடையை விரித்தாள். "நான் ஏன் அவரு கைக்கு எட்டுற தூரத்துல நிக்கப்போறேன்?"

அவள் சொன்னதில் பிழையில்லை. தனுஜா குடைக்குள் போகாமல் மழையிலேயே லயத்துக்கு நடந்தாள்.

தனுஜாவைச் செங்குத்தான மேல்மலைக்கு மாற்றினார்கள். மூக்கு ஆறிய பிறகு கண்டாக்கு மடுவத்துக்குத் திரும்பினார். தனுஜாவின் பக்கம் மட்டும் போவதில்லை. மற்ற பெண்களுக்கு எதுவும் மாறவில்லை. கூட நின்று கொழுந்து எடுக்கிற சுதர்ஷினி ஒருநாள் சொன்னாள்: "ஒன்கிட்ட காட்ட முடியாததையும் சேர்த்து எங்ககிட்டத்தான் காட்டுறாரு."

தனுஜா பீலிக்கரைக்குப் போவதை நிறுத்தினாள். ஆனால் நிறுத்தியது அவள்தான், உடம்பு அல்ல. பக்கத்தில் யாராவது சட்டென்று அசைந்தால் தோள் இறுகும். அதைப் பார்த்தே பெண்கள் ஒதுங்கினார்கள். ஒற்றையடிப் பாதையில் அவளுக்குப் பின்னால் வருகிறவர்கள் தூரத்திலேயே இருமிக் காட்டிவிட்டுத்தான் கடப்பார்கள். யாரும் தோளில் தட்டி அவளைக் கூப்பிடுவதில்லை.

அம்மாகூட இப்போது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு எழுப்பும்போது கிட்டே வருவதில்லை. கதவடியில் நின்று, "தனுஜா, நான்தான், அம்மா" என்று சொல்லி, அவள் கண் திறக்கும்வரை அங்கேயே நிற்கிறாள்.