நான் சொல்லாத சாட்சி

துபாய் அல் குசைஸில் எங்கள் அறையில் ஆறு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் எட்டு வருடம் படுத்திருந்தவன் என் நண்பன். இரண்டு பேரும் ஒரே தாலுகா, ஒரே கம்பெனி. நான் ஏ.சி. மெக்கானிக், அவன் வெல்டர். லீவுக்கும் சேர்ந்தே ஊருக்குப் போவோம். அப்படிப் போன ஒரு லீவில்தான் அது நடந்தது.

ஊர் பஸ் ஸ்டாண்டில் காலை பத்து மணி இருக்கும். வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டார் என்று ஒரு வயதான ஆட்டோக்காரரை எஸ்.ஐ. கன்னத்தில் அறைந்தார். என் நண்பன் நின்ற இடத்திலிருந்தே, "சார், பெரியவரு சார், அடிக்காதீங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். குரல்கூட உயரவில்லை.

"யார்றா நீ? வெளிநாட்டுக் கொழுப்பா?"

சட்டையைப் பிடித்து இழுத்து, முகத்தில் இரண்டு அடி கொடுத்து, ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது அவன் என்னைத் தேடிப் பார்த்தான். நான் அதற்குள் டீக்கடைத் தூணுக்குப் பின்னால் நகர்ந்திருந்தேன்.

எஸ்.ஐ.யைப் பணி செய்யவிடாமல் தடுத்து, பிடித்துத் தள்ளினான் என்று அவன்மேல் வழக்குப் போட்டார்கள். பதினைந்து நாள் சிறை. ஜாமீனில் வெளியே வந்தபோது லீவு முடிந்திருந்தது, பாஸ்போர்ட்டும் கோர்ட்டில். கம்பெனி 'கலாஸ்', முடிந்தது என்று விசாவை ரத்து செய்துவிட்டது. நான் குறித்த தேதியில் விமானம் ஏறி வந்து, அவன் துணிமணிகளை ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி வைத்தேன். அடுத்த வாரமே அந்தக் கட்டிலுக்கு நேபாளி ஒருவர் வந்துவிட்டார்.

மூன்று வருடம் அலைந்து அந்த வழக்கிலிருந்து விடுதலையானான். அதோடு விட்டுவிடு என்று எல்லோரும் சொன்னோம். அவன் கேட்கவில்லை. அந்த எஸ்.ஐ. மீது சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு வழக்குப் போட்டான்.

"காசுக்காக இல்ல மாப்ள," என்றான் போனில். "அந்தாளு பண்ணது தப்புன்னு ஒரு தாள்ல எழுதி வரணும். எம் புள்ளைங்க அதப் படிக்கணும்."

எஸ்.ஐ. தரப்பு திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னது: அவர் செய்தது பணியில் இருந்தபோது, பணிக்காகச் செய்தது. அதற்காக அவர் மீது வழக்கே போட முடியாது, சட்டம் அவருக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. சும்மா நின்றவனை அடித்து இழுத்துப் போனார்கள், அதைப் பணி என்று சொல்ல முடியாது என்று காட்டினால்தான் அந்தப் பாதுகாப்பைத் தாண்ட முடியும் என்றாராம் நண்பனின் வக்கீல். அதற்குப் பார்த்தவர்கள் வேண்டும். ஆட்டோக்காரர் அதே ஸ்டாண்டில் தினமும் வண்டி ஓட்ட வேண்டியவர். தன்னை யாரும் அடிக்கவேயில்லை என்று சொல்லிவிட்டார். அன்று அங்கே நின்ற வேறு யாரும் முன்வரவில்லை. மிச்சம் இருந்தது நான் ஒருவன்.

நான் ஊருக்கு வரவேண்டியதுகூட இல்லை. துபாயில் உள்ள துணைத் தூதரகத்துக்குப் போய் வீடியோவில் பேசினால் போதும் என்று கோர்ட் அனுமதித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அரைநாள் லீவு போதும்.

அந்த மாதம் நான் வேறு கம்பெனிக்கு மாறப் பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். அதற்கு ஊரில் என் வீட்டில் விசாரிக்க வரப்போவது அதே ஸ்டேஷன் ஆட்கள். இதை நான் நண்பனிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி கூப்பிட்டாள். "அண்ணே, செவ்வாக்கெழமைய மறந்துராதீங்க. உங்களத்தான் மலை மாதிரி நம்பிக்கிட்டு இருக்காரு."

"மறப்பேனாம்மா," என்றேன்.

மறுநாள் மத்தியானம் அவனை அழைத்தேன். "லீவு மாஃபி, கெடையாதுன்னுட்டாங்கடா. சைட்ல அவசர வேலை. எவ்வளவோ கேட்டுப் பாத்தேன்."

"சரி மாப்ள, நீ வேலையப் பாரு" என்றான்.

நான் லீவு கேட்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒரு கட்டட மொட்டைமாடியில் ஃபில்டர்களைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. மதியம் வரை இழுத்தேன்.

வழக்கு தள்ளுபடியானது. கைது பணியின்போது நடந்தது, அத்துமீறல் என்பதற்குச் சாட்சி இல்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்ததாம். எனக்குச் சான்றிதழ் வந்தது. புது வேலையும் கிடைத்தது. அதில்தான் இப்போதும் இருக்கிறேன்.

அடுத்த லீவில் அவனைப் பார்க்கப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு கிரில் பட்டறையில் கூலிக்கு வெல்டிங் செய்துகொண்டிருந்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "நான் அன்னைக்கு லீவே கேக்கலடா."

"தெரியும்," என்றான். கையிலிருந்ததைக் கீழே வைக்கவில்லை. "நீ போன வச்ச ஒடனே நம்ம சூப்பர்வைசருக்கு அடிச்சேன். அரைநாள் விடுங்க சேட்டான்னு கெஞ்சலாம்னுதான். 'அவன் எங்கிட்ட கேக்கவே இல்லையே'ன்னாரு."

எங்கள் பழைய மலையாளி சூப்பர்வைசர். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்று எனக்கும் தெரியும்.

"ஏன்டா அப்பவே என்னையத் திட்டல?"

"திட்டி? பயந்துட்ட. உள்ள இருந்தப்ப நானும் பயந்தவன்தான்." அடுத்த கம்பியை எடுத்துக்கொண்டே, "வீட்ல சொல்லல. அவ ஒன்ன அண்ணன்னு கூப்புட்டுக்கிட்டு இருக்கா. அது அப்புடியே இருக்கட்டும்" என்றான்.

திரும்பி வந்த முதல் வாரத்திலேயே லீவு எடுத்துக்கொண்டு துணைத் தூதரகத்துக்குப் போனேன். அன்று பஸ் ஸ்டாண்டில் பார்த்ததை எல்லாம் எழுதி, நான் தூணுக்குப் பின்னால் போனதையும் சேர்த்து, கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கி அனுப்பினேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாததை மேல் கோர்ட் எடுத்துக்கொள்வது கஷ்டம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அந்த எஸ்.ஐ. அதற்குள் இன்ஸ்பெக்டராகி வேறு ஊருக்குப் போயிருந்தார்.

காகிதம் வந்து சேர்ந்ததைச் சொல்ல நண்பனின் மனைவிதான் அழைத்தாள்.

"படிச்சேண்ணே," என்றாள். வேறு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். "வேல எல்லாம் எப்புடிப் போவுது?" என்று கேட்டாள். நல்லாப் போகுதும்மா என்றேன்.