தாம்பாளத்தின் நாலாவது பக்கம்

இது எனக்கு நடந்தது. சாட்சிக்கு என் கணவர் மோமர் இருக்கிறார். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். நான் டக்கார் மீன் சந்தையில் வளர்ந்தவள். எனக்கு லேசில் பயம் வராது.

மீன் சோறு பிறந்த ஊரிலேயே மீன் சோறு சாப்பிட வேண்டும் என்று மோமருக்கு ஒரே பிடிவாதம். அந்த ஊரான சென்லூயிக்குப் போனோம். அங்கே இரும்புப் பாலம் தாண்டி, பழைய மாடி வீடுகளைப் பார்த்து முடிப்பதற்குள் அவர் வயிறு கூப்பாடு போட்டது. மத்தியானம் இரண்டே கால். ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பெயர் யாசீன் என்றாள். சாப்பாட்டு நேரத்தில் தெருவில் போகிறவரைக் கூப்பிடாமல் இருப்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. மறுப்பதும் மரியாதை இல்லை.

உள்ளே போனோம். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது... டக்.

பாயில் ஒரே தாம்பாளம். சிவந்த சோறு, நடுவில் மீன், மரவள்ளி. மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் அவரவர் தொட வேண்டும். மீனைப் பிய்த்து விருந்தாளி பக்கம் தள்ளுவது வீட்டுக்காரியின் வேலை.

யாசீன் பிய்த்தாள். முதல் துண்டை ஆளில்லாத நாலாவது பக்கம் தள்ளினாள், பிறகுதான் எங்கள் பக்கம்.

"இன்னும் யாராச்சும் வரணுமாக்கா?"

"வந்தாச்சு. நீ சாப்பிடு."

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன்... அந்தப் பக்கச் சோற்றில் குழி விழுந்திருந்தது. விரலால் வழித்த தடம்.

மோமரைப் பார்த்தேன். அள்ளி அள்ளித் திணித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. கை மட்டும் நிற்கவில்லை.

"போதும், எழுந்திருங்க."

"முடியல, அராம்," என்றார்.

யாசீன் அழுதுகொண்டே சாப்பிட்டாள். "பசி அடங்குற வரைக்கும் யாரும் எந்திரிக்க முடியாது."

என் காலை இழுத்தேன். வரவில்லை.

சளக்... சளக்... யாரோ மெல்லும் சத்தம். எங்கள் மூவருடையது இல்லை.

குழி நகர்ந்தது. மோமர் பக்கம் வந்தது. அவர் விரல்களை எதுவோ பிடித்து இழுத்தது...

எனக்கு அவர் வேண்டும். வேறு எதுவும் தோன்றவில்லை. என் மீன் துண்டை எடுத்து, வீட்டுக்காரி மாதிரி, நாலாவது பக்கம் தள்ளினேன்.

"இது என் பங்கு. எடுத்துக்கங்க. அவர விட்டுருங்க."

சத்தம் நின்றது.

டக். கதவு திறந்தது.

ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது யாசீன் எழுந்து நின்று தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலத்தருகே ரொட்டிக்கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அந்தம்மா இந்த ஊரே இல்ல தங்கச்சி. உங்கள மாதிரி புருஷனோட சுத்திப் பாக்க வந்தவங்க. ஒரு மத்தியானம் அந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாங்க. அவர் வெளிய வரவே இல்ல. அந்தம்மாவும் வாசப்படி தாண்டி நாங்க பாத்ததில்ல. பல வருஷமாச்சு."

சொல்லி முடிக்கவில்லை. யாசீன் எங்களைத் தாண்டிப் பாலத்தில் ஓடினாள். காலில் செருப்பில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது டக்காரில் எங்கள் வீட்டில் இரண்டு பேர்தான் சாப்பிட உட்காருகிறோம். மூன்றாவது பக்கமும் குழி விழுகிறது. வாசற்படியைத் தாண்டி எங்கள் கால் போவதில்லை.

இன்று தெருவில் ஒரு சின்ன ஜோடி வருகிறது. சிரித்துப் பேசிக்கொண்டு, பசியோடு...

மணி இரண்டே கால். கூப்பிடாமல் இருப்பது மரியாதை இல்லை.