மான்களுக்காக நின்ற பம்பை

சில வருடங்களுக்கு முன், ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் சாயங்காலம், கனகம்மாசத்திரம் பக்கத்தில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் திருத்தணி. இருபது வருடம் தக்காளி லோடு ஓட்டியவன், அன்றுதான் முதல்முறையாக ஒரு மிருகக்காட்சிசாலைக்காக உயிருள்ள லோடு ஏற்றியிருந்தேன். நாலு புள்ளிமான்கள். ஆந்திராவிலிருந்து சென்னைப் பக்கம் கொண்டுபோக வேண்டும். நல்லபடியாகச் சேர்த்தால் இந்த வேலை தொடர்ந்து கிடைக்கும் என்றிருந்தார்கள்.

மானைத் தள்ளி ஏற்ற முடியாது. அதுவாகக் கூண்டுக்குள் நடந்து வர வேண்டும். அது மனசு வைப்பதற்குள் மதியம் தாண்டிவிட்டது. கூட வந்த காப்பாளர், திருவிழாக் கூட்டம் இருக்குமே, வேறு வழியில் போகலாம் என்று தெலுங்கில் சொன்னார். எங்கள் ஊர் ரோடு எனக்குத் தெரியாதா என்று நான்தான் கேட்கவில்லை.

திருத்தணி ஊருக்குள் போகாமல் சுற்றித் தாண்டியதும், தப்பித்தோம் என்று நினைத்தேன். கனகம்மாசத்திரம் நெருங்கும்போது எதிரே ரோடு முழுக்க மஞ்சள். சென்னைப் பக்கமிருந்து நடந்து வரும் காவடிக் கூட்டம். முன்னால் பம்பை, உடுக்கை. என் பின்னால் வரிசையாக வண்டிகள், திரும்பவும் வழியில்லை. ஓரங்கட்டி நிறுத்தினேன். உள்ளே குளம்புகள் பலகையை உதைத்தன. காப்பாளர் முகம் வெளுத்துவிட்டது. பயத்திலேயே மானுக்கு நெஞ்சு நின்றுவிடும் என்றார். அவருக்குத் தமிழ் வராது. நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன் நான். பம்பைக்காரர் எதிரில் போய்க் கையைக் கூப்பி நின்றேன்.

"இன்னா தலைவா, லாரிய உட்டுட்டு நீயும் ஆட வந்துட்டியா?" என்று சிரித்தார்.

"உள்ள மான் இருக்குதுங்க. இந்தச் சத்தத்துல செத்துடுங்க." என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய், தார்ப்பாயை ஒரு விரல் அளவு விலக்கிக் காட்டினேன். ஒரு கண்ணும் நடுங்கும் காதும் மட்டும் தெரிந்தன.

அவர் திரும்பிக் கையை உயர்த்தினார். "டேய், நிறுத்துங்கடா! உள்ள மானுடா, நம்ம வள்ளியம்மாவ பெத்த ஜாதிடா. சாமிக்கு மாமியாரு!"

"ஆங், மாமியாரு எதிர்ல எவனாவது ஆடினு போவானா?" என்றார் பால்குடம் சுமந்து வந்த ஓர் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் அடங்கியது.

ஒருவர் சொல்லி ஒருவராக அந்தச் செய்தி பின்னால் போனது. பம்பைகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டார்கள். காவடி மணிகளைக் கையால் பொத்திக்கொண்டார்கள். காவடி மயிலிறகுகள் என் லாரிக் கண்ணாடியை உரசாமல் விலகி விலகி நகர்ந்தன. கேட்டது வெறுங்காலடிகள் மட்டும், தூறல் மாதிரி. அந்தி வெயிலில், கற்பூர வாசனையோடு, ஊர் ஊராக எங்களைக் கடந்து போனார்கள். கனவில்தான் கூட்டம் அப்படிச் சத்தமில்லாமல் போகும். எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. பலகையில் காது வைத்திருந்த காப்பாளர் மெல்லச் சிரித்தார். உதைப்பது நின்று, மூச்சு சீராகிவிட்டதாம். வெகுதூரம் போன பிறகுதான் பம்பை மறுபடி ஒலித்தது.

நாலும் நலமாக இறங்கின. இன்று சிங்கம் வரை ஏற்றிப் போகிறேன். இதுவே என் பிழைப்பாகிவிட்டது. அரோகரா சொல்லி மலையேற வந்தவர்கள், முன்பின் தெரியாத நாலு மான்களின் பயத்துக்காக அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நடந்தார்களே, அதைவிட நல்ல வேண்டுதலை நான் இதுவரை பார்த்ததில்லை.