லாரி ஹீட் ஆனது செல்வராசு அண்ணன் வேலையால் இல்லை

இல்லைங்க... அது அவர் வேலையால் இல்லை.

மெக்கானிக் செல்வராசு அண்ணன் இறந்துவிட்டார். நெஞ்சு வலி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

காலையில் அவர் போட்டோ போட்டேன். கீழே ஒருத்தர் கமெண்டில் கேட்கிறார்: "இவரு இன்ஜின் வேல பாத்த லாரிதானே ஹீட் ஆயி ஹீட் ஆயி நின்னுச்சு?"

பொணம் வீட்டில் கிடக்கும்போது கேட்கிற கேள்வியா இது. சரி, கேட்டுவிட்டீர்கள். அவரோடு அதே பட்டறையில் வேலை பார்த்தவன் நான். சொல்கிறேன்.

பாஸ்கர் அண்ணன் லாரி அது. கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை ஏற்றி திருவாரூர் குடோனுக்குப் போகிற வண்டி. இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டன், புது ஹெட் கேஸ்கட், ரேடியேட்டர் வாட்டர் வாஷ்... எல்லாம் முடித்து அறுப்புக்கு முன்னால் கொடுத்தோம். ஸ்டார்ட் பண்ணினால் தையல் மெஷின் மாதிரி சத்தம்.

முதல் லோடு. நன்னிலம் தாண்டவில்லை, ஹீட் கேஜ் முள் சிவப்புக்குப் போய்விட்டது.

காலியாக ஓட்டினால் ஒன்றும் இல்லை. லோடு ஏற்றினால் கொதிக்கிறது.

செல்வராசு அண்ணனுக்கு வாய் நீளம். யாரையும் விட மாட்டார். நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் என்பதால் என் பெயரே "அரை டிப்ளமா"தான். அன்றைக்கு நேராக வேலையில் இறங்கினார். இன்ஜின் சூடானால் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக்கொண்டு எதிரே டீக்கடைக்குப் போனார். அது சுடுதண்ணீரில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டீக்கடை அக்கா கத்தியது. "நான் டீ போடுறதா, உன் இரும்ப வேக வைக்கிறதா?"

"வெந்துச்சுன்னா சொல்லு, சட்னி வச்சு சாப்டுக்கிறேன்," என்றார் அண்ணன். தெர்மோஸ்டாட் சரியாகத்தான் திறந்தது.

வாட்டர் பம்ப் நல்லா இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு ரேடியேட்டர் வாயில் பார்த்தோம். தண்ணீரில் குமிழி வந்தால் கேஸ்கட் போச்சு என்று அர்த்தம். ஒரு குமிழி இல்லை.

அப்போதும் தன் மேல்தான் சந்தேகம் அவருக்கு. இன்ஜின் ஹெட்டைத் திரும்பப் பிரித்தார். எல்லாம் அவர் வைத்த மாதிரியே இருந்தது... திரும்ப மாட்டினார். திரும்ப ஹீட்.

கடைசியில் கொள்முதல் நிலையத்துக்கே போனோம். "மூட்டைய ஏத்து. நானே ஓட்டிப் பாக்குறேன்," என்றார்.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முள் ஏறிவிட்டது. இன்ஜினை நிறுத்தாமல் இறங்கி வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். தோள் துண்டை எடுத்து கிரில்லில் வைத்தார்.

ஃபேன் ஓடும்போது துண்டை உள்ளே இழுத்து ஒட்டவைக்க வேண்டும்.

ஒட்டவில்லை. கீழே விழுந்தது.

"அரை டிப்ளமா, ஸ்பானர் எடு."

கிரில்லைக் கழற்றினால் பின்னால் கொசுவலை. ரெண்டு மடிப்பு. பதரும் தூசியும் அப்பி, பாய் மாதிரி கெட்டியாகிக் கிடக்கிறது. காற்றே போகவில்லை.

அறுப்பு நேரத்தில் பதர் அடைக்காமல் இருக்க எல்லா நெல் லாரிக்கும் முன்னால் வலை கட்டுவார்கள். பெரிய கண் வலை, வெளியில். பாஸ்கர் அண்ணன் புது இன்ஜின் ஆச்சே என்று கொசுவலையை மடித்து உள்ளே கட்டியிருக்கிறார். நாங்கள் வண்டி கொடுத்த மறுநாள். எங்களிடம் சொல்லவில்லை. ரேடியேட்டரை நாங்களே கழுவிக் கொடுத்ததால் கிரில்லைத் திறந்து பார்க்க எங்களுக்கும் தோன்றவில்லை.

வலையை அறுத்துப் போட்டார். முள் இறங்கியது.

அதோடு விட்டிருக்கலாம். அந்த வாய்...

"பாஸ்கரு, இன்ஜின கொசு கடிக்காதுடா. கட்டுனா வெளிய கட்டு. ட்ரிப்புக்கு ட்ரிப்பு தட்டு. இல்லன்னா ஒரு தலையாணியும் வாங்கிப் போடு."

லோடுமேன் அத்தனை பேரும் சிரித்தார்கள். பாஸ்கர் அண்ணன் முகம் செத்துப்போச்சு.

அன்றிலிருந்து பாஸ்கர் அண்ணன் லோடு போகிற இடமெல்லாம் அவர் வாயில் ஒரே பேச்சு. "செல்வராசு இன்ஜினத் தொட்டா ஹீட் ஆவும்." வலங்கைமான் வரைக்கும் போய்விட்டது. இன்ஜின் வேலை நின்றது. ஆயில் மாற்ற வந்தார்கள், பிரேக் பார்க்க வந்தார்கள். இன்ஜினை இறக்க ஒருத்தரும் வரவில்லை.

"நடந்தத சொல்லுங்கண்ணே," என்று செல்வராசு அண்ணனிடம் சண்டை போட்டேன்.

"வீடு வீடா கொசுவலையத் தூக்கிட்டுப் போவச் சொல்றியாடா?"

இன்ஜின் தூக்கும் செயின் பிளாக் பட்டறை உத்தரத்தில் சும்மா தொங்கும். வெள்ளிக்கிழமையானால் அதற்குப் பொட்டு வைப்பார். கிரீஸ் போடுவார். தூக்கத்தான் இன்ஜின் இல்லை.

"நேத்தும் அந்த செயினுக்கு கிரீஸ் போட்டுட்டு வந்துதான் படுத்தாரு தம்பி," என்று அண்ணி சொன்னார்கள்.

பாஸ்கர் அண்ணன் இப்போதுதான் வந்தார். அதே லாரியில். மாலை போட்டுவிட்டு வந்து வண்டி ஓரமாக நிற்கிறார்.

நான் வண்டிக்கு முன்னால் போய் போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். கிரில்லுக்கு உள்ளே ஒன்றும் இல்லை. வெளியே பெரிய கண் வலை. தட்டிச் சுத்தமாக.

"எப்பண்ணே மாத்துனீங்க?"

"அன்னைக்கேதான்."

"அப்பறம் ஏண்ணே ஊரு பூரா..."

துண்டை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

கமெண்டில் கேட்டவருக்கு இதுதான் பதில்.

மேளச் சத்தம் கேட்கிறது. தூக்கப் போகிறார்கள். ஒரு பக்கம் தோள் கொடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள்...

போறேன். போயிட்டு வாங்கண்ணே.