மிச்சம் வைக்காத ஞாயிறு

அம்மாவின் கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. சர்க்கரை குறையாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம் என்று திண்டுக்கல் டாக்டர் சொல்லிவிட்டார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. இரண்டு நாள் அழுதேன். அப்புறம் அழுகை போய் வெறி வந்துவிட்டது. அந்த விரலை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் அக்கா ஒரு தட்டைப் படம் போட்டுக் காட்டினார். பாதிக்குக் காய், கால் பங்கு சோறு, மீதிக்குப் பருப்போ முட்டையோ. மாத்திரை போட்டால் வேளைக்குச் சாப்பிட வேண்டும். சாப்பிடுவதையெல்லாம் நோட்டில் எழுதி வர வேண்டும். நோட்டு என் பொறுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா சொல்லச் சொல்ல எழுதுவேன்: இரண்டு இட்லி, ஒரு கரண்டி சோறு, அவரைக்காய் வெஞ்சனம்.

அடுத்த முறை போனபோது சர்க்கரை இறங்கவே இல்லை.

"இவ்வளவுதான் சாப்பிடுறீங்களாம்மா?" என்று அக்கா கேட்டார்.

"அம்புட்டுத்தான் மேடம்" என்றாள் அம்மா. என் நோட்டையே சந்தேகப்படுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் வேவு பார்த்தேன். சனிக்கிழமை கையும் களவுமாகப் பிடித்தேன். நாங்கள் சாப்பிட்டு எழுந்ததும், அப்பா தட்டில் கிடந்த சோறு, அண்ணன் பிய்த்துப் போட்ட அப்பளம், நான் ஒதுக்கிய உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வழித்து, நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டாள்.

"இதை ஏம்மா நோட்டுக்குச் சொல்லலை?"

"அடி போடி, வீணாப் போகுதேன்னு தின்னேன். இதெல்லாம் ஒரு சாப்பாடா?"

மறுநாள் மதியம் சட்டம் போட்டேன். யார் தட்டிலும் ஒரு பருக்கை இருக்கக் கூடாது. "அம்மா விரல் வேணுமா, வேண்டாமா?" என்று நான் போட்ட அதட்டலில் அண்ணன் பயந்து, சோற்றுச் சட்டியையும் சேர்த்து வழித்துவிட்டான். வெற்றியோடு கை கழுவினேன்.

செத்த நேரத்தில், துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம். அப்பா ஓடிப்போய்த் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கினார். "சர்க்கரை கூடாதுப்பா!" என்று டம்ளரைப் பிடுங்கப் போனேன். என்னை அதட்டிக்கூடப் பழக்கமில்லாத அப்பா அன்று தள்ளிவிட்டார்.

குடித்து முகம் தெளிந்ததும், "மாத்திரை போட்டியே, என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். அம்மா அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அடுப்படியில் எல்லாச் சட்டியும் காலி. எங்கள் மிச்சம்தான் இத்தனை வருஷமும் அவளுடைய மதியச் சாப்பாடு என்பது அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் முதல் தட்டு அம்மாவுக்கு. அந்த விரலும் தப்பியது. ஆனால் அந்த முதல் நாள் அவளை உட்காரவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. "நீங்க சாப்பிடாம நானா?" என்று எழுந்து எழுந்து போனாள்; நான் தோளைப் பிடித்து அமுக்கினேன். அப்பா பரிமாற, கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டாள். பாகற்காய்க் கசப்புக்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "மருந்தா நெனச்சு முழுங்கும்மா" என்று அதட்டினேன்.